பாட்டைச் சொல்லுங்கள், அப்புறம் அளவு கொடுங்கள்: காரைக்குடியில் மாட் கோட்டு தைத்துக்கொள்வது எப்படி

துணி எடுப்பதற்கு முன்னால், எந்தப் பாட்டைக் கேட்ட பையன்களின் உடை உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காரைக்குடியில் எங்கள் கடைக்கு வரும் தம்பிகள் போனில் படத்தைக் காட்டி, "அண்ணே, இதே மாதிரி" என்பார்கள். பார்த்தால் கோட்டு டெடி பாய், பேண்ட் மாட், பூட்ஸ் ஸ்கின்ஹெட். மூன்றும் பிரிட்டனின் வேறு வேறு இளைஞர் கூட்டம், வேறு வேறு காலம். கலந்து போட்டால் நாடகக் கம்பெனி உடை மாதிரிதான் இருக்கும்.

டெடி பாய் வேண்டாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு லண்டனில் சேவில் ரோ தெரு டெய்லர்கள் பணக்காரர்களுக்காக எட்வர்ட் மன்னர் காலத்து வெட்டை மறுபடி கொண்டுவந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டதும், பணக்காரர்கள் கழற்றிப் போட்டுவிட்டார்கள். நீளக் கோட்டு, வெல்வெட் காலர், குழாய் பேண்ட். பிறகு வந்த ராக் அண்ட் ரோல் அதோடு ஒட்டிக்கொண்டது. அழகுதான். ஆனால் சித்திரை வெயிலில் வெல்வெட் காலர் போட்டால் கழுத்தில் வேர்க்குருதான் மிஞ்சும்.

நம் ஊருக்குத் தோது மாட். 1950களின் கடைசியில் லண்டனில் மாடர்ன் ஜாஸ் கேட்டவர்கள் தொடங்கியது. அப்புறம் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசை, ஜமைக்காவின் ஸ்கா இசை என்று போனார்கள். ஆபீஸிலும் கடையிலும் வேலை பார்த்த பையன்கள் வாரச் சம்பளத்தை டெய்லரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, இத்தாலிய வெட்டில் தைத்துக்கொண்டார்கள். பாக்கெட் எத்தனை சாய்வு, கோட்டின் பின் ஓபன் (கீழே விடும் வெட்டுத் திறப்பு) எத்தனை இன்ச் என்று டெய்லர் உயிரை எடுத்தவர்கள். எனக்குப் பிடித்த வாடிக்கையாளர் ரகம்.

அளவு கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள். மூன்று பட்டன். லாப்பல் (காலரிலிருந்து மார்பில் மடிந்து விழும் பட்டை) அகலம் இரண்டேகால் இன்ச்சைத் தாண்டக் கூடாது. கோட்டு நீளம் சீட்டை மூடினால் போதும். பின்னால் இரண்டு பக்கமும் ஓபன். பேண்டுக்கு இடுப்பில் பிளீட் மடிப்பு கிடையாது, பாட்டம் 15 இன்ச், ஷூ மேல் துணி மடிந்து விழக் கூடாது. முதுகில் பாதி லைனிங் போதும், காற்றுப் போகும். முக்கியமாகத் தோளைப் பாருங்கள். கல்யாண ரிசப்ஷன் கோட்டு தைத்துப் பழகிய மாஸ்டர் கை தானாகக் கனமான பேடை எடுத்து வைத்துவிடும். முதல் ட்ரையலிலேயே மெல்லிசு பேட் கேளுங்கள். லைனிங் மூடிய பிறகு கேட்டால் யாராக இருந்தாலும் முறைப்பார்கள், நான் உட்பட.

துணியில் உச்சம் டோனிக். மொஹேர் என்ற அங்கோரா ஆட்டு முடி கலந்த கம்பளி, பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். திரும்பும்போது நிறம் மாறும், அம்மாவின் மயில் கழுத்துப் பட்டு மாதிரி. 1979இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இசைக்கலைஞர் ஜெர்ரி டாமர்ஸ் டூ டோன் இசைத்தட்டு கம்பெனியைத் தொடங்கியபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஸ்கா வாசித்த அந்தக் கூட்டம் இந்தத் துணிக்கு மறுவாழ்வு கொடுத்தது. அசல் மொஹேர் நம் பக்கம் கிடைப்பது கஷ்டம். இரட்டை நிற டெரி ஊல் (பாலியஸ்டர் கலந்த கம்பளி) கிடைக்கும், அது போதும். கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்து ஏமாறாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் மடித்துப் பாருங்கள். வெட்டும்போது எல்லாத் துண்டும் ஒரே திசையில் வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஒரு கை தலைகீழாக வெட்டப்பட்டால் அந்தக் கை மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.

மொட்டைத் தலை, பூட்ஸ், சஸ்பெண்டர் கேட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1969இன் ஸ்கின்ஹெட் ஜமைக்கா ரெக்கே கேட்டு ஆடியவன். 1970களின் கடைசியில் அதே கோலத்தை நிறவெறிக் கட்சிக்காரர்களும் போட்டுக்கொண்டார்கள். வெளிநாடு போகும் தம்பிகள் தெரிந்து போடுங்கள்.

கோட்டுக்கே காசில்லை என்றால் சட்டையில் தொடங்கலாம். உண்மையில் அதுதான் நல்ல தொடக்கம். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1950களில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் பட்டன் டவுன் சட்டையோடு (காலர் முனையைப் பட்டன் போட்டுக் கட்டும் சட்டை) ட்ரம்பெட் வாசித்தார். மாட் பையன்கள் ஜாஸ் இசைத்தட்டு உறைகளைப் பார்த்து அதை எடுத்துக்கொண்டார்கள். காலருக்குள் ஒட்டு பக்ரம் என்ற விறைப்புத் துணி வைக்க விடாதீர்கள். லேசான காட்டன் துணியை உள்ளே வைத்துத் தைத்தால்தான் காலர் வளைந்து உட்காரும். காலர் முனைப் பட்டனை இழுத்துக் கட்டினால் அந்த வளைவு செத்துவிடும். சட்டையில் அந்தப் பட்டனைக் கால் இன்ச் மேலே வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

அதே கல்லூரிப் பையன்கள் கோடையில் கோட்டாகவே போட்டது எதை என்கிறீர்கள்? மெட்ராஸ் கட்டம். நாம் கைலியாகக் கட்டிக்கொண்டு திண்ணையில் படுத்திருக்கும் துணி! துவைத்தால் சாயம் போனதையே பெருமையாகச் சொல்லி அமெரிக்காவில் விற்றார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிச் சேலை இங்கேயே நெய்யப்படுகிறது. அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட சேலை ஒன்றில் இரண்டு சட்டை தாராளமாக வரும். தைக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். முன்பட்டியிலும் பாக்கெட்டிலும் கட்டம் சேர வேண்டும் என்று சொல்லிக் கூலி கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். கரையை வெட்டி எறியாமல் காலர் பட்டிக்கு உள்பக்கம் வைத்தால் மாட் பையன்களே பொறாமைப்படுவார்கள்.

கோட்டுக்கு இரண்டு ட்ரையல் கட்டாயம். தீபாவளி நெருக்கத்திலும் தை, வைகாசி முகூர்த்தத்திலும் வராதீர்கள், எந்த டெய்லரும் உங்கள் லாப்பலைப் பற்றி யோசிக்க மாட்டார். ஆடியில் வாருங்கள். கல்யாணம் இருக்காது, மாஸ்டர் கை காலியாக இருக்கும், பாட்டையும் போட்டுக் காட்டலாம்.