ரெண்டு வவ்வாலும் சொந்தமா? மீன் டிஎன்ஏ வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்துக்குப் போனால் வெள்ளை வவ்வாலும் கருப்பு வவ்வாலும் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் கிடக்கும். பேரும் ஒன்று, தட்டையான உடம்பும் ஒன்று. ஆனால் கருப்பு வவ்வால் பாறை மீன் குடும்பம். வெள்ளைக்கோ, டிஎன்ஏவைப் பார்த்தால், வஞ்சிரமும் சூரையும்தான் கிட்டத்துச் சொந்தம். அதனால் டிஎன்ஏ சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது கூடைக்காரர் சொன்ன பேரை மட்டும் குப்பியில் எழுதிக்கொண்டு வராதீர்கள். முழு மீனைப் படம் எடுங்கள், முடிந்தால் உடம்பையும் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு சந்தேகம் வந்தால் துடுப்பு முள்ளை எண்ணிப் பார்க்க மீன் வேண்டுமே.

வெட்டிய துண்டை வாங்குவது அடுத்த வம்பு. நான் முதல்முறை அப்படித்தான் செய்தேன்: பாறை என்று எழுதிய குப்பியிலிருந்து வஞ்சிரத்தின் டிஎன்ஏ எழுத்து வரிசை வந்தது. மீன் வெட்டும் அக்கா அதே அருவாமனையில் அதற்கு முன்னால் வஞ்சிரம் வெட்டியிருந்தார், அவ்வளவுதான். ஒவ்வொரு மீனுக்கும் புது பிளேடு போட்டு, தோலுக்கு உள்ளே இருக்கும் சதையைக் கொஞ்சம் எடுத்து, 95% ஆல்கஹாலில் போடுங்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைப் பாழாக்கிவிடும்.

அப்புறம், 'கிடைத்த இடம்: காசிமேடு' என்று எழுதுவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மேற்குக் கரை மீனும் லாரியில் வந்து இறங்கும், அதை வங்கக்கடல் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும்?

சரி, வரிசை கையில் வந்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியா என்ற, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்புக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அதிலுள்ள சிஓ1 ஜீனில் சுமார் 650 எழுத்து. அதைப் புரதமாக மாற்றிப் பார்க்கும்போது 'புரதம் இங்கே முடிகிறது' என்னும் நிறுத்தக் குறி நடுநடுவே வந்தால் பதறி வீசிவிடாதீர்கள், மூன்று மூன்று எழுத்துக்கு என்ன பொருள் என்று சொல்லும் அட்டவணைகளில் எதில் பார்த்தீர்கள் என்று முதலில் பாருங்கள். பொது அட்டவணையில் டிஜிஏ என்றால் நிறுத்து. முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். சரியான அட்டவணையிலும் நிறுத்தக் குறி வந்தால், படித்ததில் பிழையாக இருக்கலாம், இல்லை செல்லின் உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்ட பழைய நகலாக இருக்கலாம். அதை ஒதுக்கத்தான் வேண்டும்.

வரிசையைத் தரவுத்தளத்தில் தேடிப் பொருத்திக் காட்டும் பிளாஸ்டில் முதலில் வரும் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். உங்கள் மீன் தரவுத்தளத்திலேயே இல்லாவிட்டாலும் அது ஏதோ ஒரு பேரைக் காட்டத்தான் செய்யும், அந்தப் பேரையும் யாரோ தப்பாக ஏற்றியிருக்கலாம்.

சிஓ1 இனத்தை அடையாளம் காண நல்லது, பழைய சொந்தபந்தம் சொல்ல போதாது. ஒரே இடத்தில் எழுத்து திரும்பத் திரும்ப மாறிப் பழைய தடம் அழிந்திருக்கும், அதுவும் தாய்வழிக் கதை மட்டும். உட்கருவின் ஜீன்களும் வேண்டும். அதிலும் ஒரு பொறி: இன்றைய எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் மூதாதையில், 30 கோடி ஆண்டுக்கும் முன்னால், முழு மரபணுத்தொகுப்பே இரட்டித்தது. ஒரு மீனில் முதல் நகலையும் இன்னொன்றில் இரண்டாம் நகலையும் ஒப்பிட்டால், இனங்கள் பிரிந்த கதை வராது, நகல்கள் பிரிந்த கதைதான் வரும்.

கடைசியாக, எனக்கு ரொம்ப எரிச்சல் தரும் தவறு. ரெண்டு வவ்வாலையும், வெளியாளாக, அதாவது தூரத்துச் சொந்தமாக, ஒரு மத்தியையும் மட்டும் வைத்துச் சொந்தபந்த மரம் வரைந்து, 'பூட்ஸ்ட்ராப் 100, ரெண்டும் சொந்தம்' என்பார்கள் (பூட்ஸ்ட்ராப் என்பது ஒரு கிளை எவ்வளவு உறுதி என்று 100-க்குப் போடும் மதிப்பெண்). மூன்று பேரில் மத்தி வெளியாள் என்று நீங்களே சொல்லிவிட்டால் மீதி ரெண்டும் வேறு எங்கே போய்ச் சேரும்? பாறையையும் வஞ்சிரத்தையும் சூரையையும் சேர்த்து, நிறைய ஜீன்களோடு ஓட்டிப் பாருங்கள், கருப்பு ஒரு கிளைக்கும் வெள்ளை இன்னொரு கிளைக்கும் போய்விடும்.