டாக்காவில் 12 மணிக்குக் கிளம்பினால் வேலூரில் சாப்பாடு எத்தனை மணிக்கு?

சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருபவர்களுக்கு எங்கள் வீட்டு மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறோம். வருபவர்களில் வங்கதேசத்துக்காரர்களே அதிகம். டாக்காவிலிருந்து ஒருவர், “12 மணிக்கு விமானம், 2 மணி 40 நிமிடப் பயணம்” என்று போனில் சொன்னார். இரண்டையும் கூட்டி, 2.40-க்குச் சென்னையில் இறங்குவார் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டேன். அவரோ 2.10-க்கே இறங்கிப் போன் செய்தார். கார் அப்போது ஸ்ரீபெரும்புதூரைக்கூடத் தாண்டவில்லை. தப்பு என் கணக்கில்தான். அதன் பிறகு இந்தக் கணக்கைக் காகிதத்திலேயே போடப் பழகினேன்.

முதலில் தூரம். கைப்பேசி வரைபடத்தில் இரண்டு விமான நிலையங்களையும் அழுத்திப் பிடித்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரியும். சென்னை 13.0 வடக்கு, 80.2 கிழக்கு. டாக்கா 23.8 வடக்கு, 90.4 கிழக்கு. கழித்தால் வடக்கே 10.8 பாகை, கிழக்கே 10.2 பாகை.

வடக்குத் தெற்காக ஒரு பாகை ஏறத்தாழ 111 கி.மீ. ஆகவே 10.8 × 111 = 1,199. கிழக்கு மேற்கில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். பூசணிக்காயைப் பாருங்கள்: அதன் வரிகள் நடுவில் அகன்றும் காம்பருகே நெருங்கியும் இருக்கும். தீர்க்கரேகைகளும் அப்படித்தான், வடக்கே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். அதனால் இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையான 18.4-க்குக் கொசைன் மதிப்பு பார்த்து (0.95) பெருக்க வேண்டும். 10.2 × 111 × 0.95 = 1,076.

இனி பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1,610 கி.மீ. வரும். இவ்வளவு தூரத்துக்கு இந்தக் குறுக்குவழி போதும். லண்டனுக்கெல்லாம் இதை நம்பாதீர்கள்.

அடுத்தது நேரம். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். 1,610-ஐ 800-ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வளைந்து வரிசையில் நிற்பது என்று அரை மணியோ முக்கால் மணியோ சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று எதிர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இப்போது என்னைக் கவிழ்த்த இடம். இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்கை ஒட்டியது, வங்கதேச நேரம் 90 பாகையை ஒட்டியது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது, இடைவெளி 7.5 பாகை, அதாவது அரை மணி. டாக்காவில் 12 என்றால் நமக்கு 11.30. அதோடு 2.40-ஐக் கூட்டினால் 2.10. டிக்கெட்டில் வரும்போது 2 மணி 10 நிமிடம் போலவும் திரும்பும்போது 3 மணி 10 நிமிடம் போலவும் தெரிவது இதனால்தான். “போகும்போது மட்டும் மெதுவாகப் பறக்குமா?” என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

மிச்சம் தரைக்கணக்கு. குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றேகால் மணி. மீனம்பாக்கத்திலிருந்து வேலூர் சுமார் 130 கி.மீ., வழியில் ஒரு டீயுடன் மூன்று மணி நேரம். கடலைத் தாண்டி வந்ததைவிட இந்தக் கடைசித் துண்டுக்குத்தான் நேரம் அதிகம். 2.10-க்கு இறங்கினால் வீடு வந்து சேர ஆறரை ஆகும். அம்மா இப்போதெல்லாம் ஆறு மணிக்குத்தான் கத்திரிக்காய் நறுக்க உட்காருகிறார்.