சாட்சியைத் தேட ஆள் அனுப்பாதீர்கள்

போர்க்குற்ற ஆவணங்கள் சேகரிக்கும் வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் சிலர் தங்கள் வரைவுகளை எனக்கு அனுப்புவதுண்டு. எந்த நாடு, யார் மேல் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். போன மாதம் வந்த கோப்பில் மூன்று சிறுவர்களின் வாக்குமூலங்கள் இருந்தன. மூன்றிலும் ஒரே வாக்கியம், அதே கமாவுடன். "பாருங்கள் சார், மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்" என்று அனுப்பிய பெண்ணுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருடங்களுக்கு முன்னால் நானும் இதே மகிழ்ச்சியில் இருந்தவன்தான்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2002 ஜூலை 1-க்கு முந்தைய குற்றங்களைத் தொடாது என்பது போன்ற பால பாடங்களை விட்டுவிடுகிறேன். அவை முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும். பிடிபடாமல் கடைசிவரை கூடவே வருகிற தவறுகளைப் பற்றித்தான் இது.

சாட்சி தேடும் வேலையை அடுத்தவரிடம் விடுவது

இதற்கு தாமஸ் லுபாங்கா வழக்கைவிடப் பெரிய பாடம் இல்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே அன்றைய இதூரி மாவட்டம். அங்கே காங்கோ தேசபக்தர் ஒன்றியம் என்ற அமைப்பையும் அதன் ஆயுதப் பிரிவையும் நடத்தியவர் லுபாங்கா. ஹேக் நீதிமன்றம் நடத்திய முதல் வழக்கு விசாரணை அவருடையது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படையில் சேர்த்தார், சண்டையில் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. காலம் 2002 செப்டம்பர் முதல் 2003 ஆகஸ்ட் வரை. 2006 மார்ச்சில் அவரை ஹேக்குக்குக் கொண்டுவந்தார்கள். விசாரணை தொடங்கியது 2009 ஜனவரி 26 அன்று. குற்றவாளி என்ற தீர்ப்பு 2012 மார்ச் 14.

ஆறு வருடம் ஏன் என்று கேட்டால் காரணங்கள் பல. அதில் என்னை இன்றும் எரிச்சலூட்டுவது ஒன்று.

புலனாய்வு நடந்த நாட்களில் இதூரியில் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. வெளியூர் முகம் ஒன்று புனியா நகரில் யாரோடாவது பேசினால் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் வழக்குத் தொடுநர் அலுவலகம் உள்ளூர் ஆட்களை நம்பியது. நீதிமன்ற ஆவணங்களில் அவர்களுக்கு மரியாதையான பெயர் உண்டு. நம் ஊரில் தரகர் என்போம். படையில் இருந்த பையன்களைத் தேடிப்பிடித்து, பேசிச் சம்மதிக்க வைத்து, கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்தான். இதில் தவறில்லை. வழி காட்ட ஆள் வேண்டும். ஆனால் யாரைக் கூட்டிவருவது, அவர் உண்மையில் அந்த முகாமில் இருந்தவரா, வயது சரியா என்பதையும் தரகரே முடிவு செய்யும் நிலை வந்ததே, அங்கேதான் வினை.

முதல் சாட்சி கூண்டுக்கு வந்தார். பள்ளியிலிருந்து வரும் வழியில் பிடித்துப்போனார்கள் என்றார். அதே நாள், இடைவேளைக்குப் பிறகு, தான் சொன்னது உண்மையில்லை, ஒரு தொண்டு நிறுவனம் சொல்லச் சொன்னதைச் சொன்னேன் என்றார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த வழக்கின் முதல் சாட்சி! இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து மீண்டும் சாட்சி சொன்னார் என்பது வேறு கதை. கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?

அதோடு முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்களாக வழக்கில் சேர்ந்திருந்த இரண்டு பேர் வேறு இருவரின் பெயரில் வந்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் வந்தது. பெயருக்கு உரியவர்களையே எதிர்த்தரப்பு, அதாவது லுபாங்காவின் வழக்கறிஞர்கள், கூண்டில் ஏற்றியது. 2010 ஜூலையில் ஒரு தரகரின் அடையாளத்தை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கச் சொல்லி நீதிபதிகள் உத்தரவிட, வழக்குத் தொடுநர் மறுக்க, விசாரணையே நின்றது. லுபாங்காவை விடுவிக்கவும் உத்தரவானது. மேல்முறையீட்டு அமர்வு அதை மாற்றியதால் வழக்கு பிழைத்தது.

கடைசியில் ஏறத்தாழ 600 பக்கத் தீர்ப்பில் மூன்று தரகர்களின் நடவடிக்கையைத் தனித்தனியாக அலசி, அவர்கள் வழியாக வந்த பையன்களின் சாட்சியத்தை நம்ப முடியாது என்று நீதிபதிகள் ஒதுக்கிவைத்தார்கள். புலனாய்வுப் பொறுப்பைத் தரகர்களிடம் விட்டிருக்கவே கூடாது என்று எழுதினார்கள். அந்தப் பையன்களில் உண்மையாகவே துப்பாக்கி தூக்கியவர்களும் இருந்திருக்கலாம். பொய்யோடு கலந்த பிறகு யாரால் பிரித்துக் காட்ட முடியும்?

என் கதை இதைவிடச் சின்னது, ஆனால் அதே ரகம். அப்போது ஓர் அமைப்புக்காக வாக்குமூலம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் உள்ளூர்க்காரர் ஒரே மாலையில் ஐந்து பேரைக் கூட்டிவந்தார். என்ன சுறுசுறுப்பு என்று மெச்சி, டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொருவராக உள்ளே அழைத்தேன். மற்றவர்கள் திண்ணையில் காத்திருந்தார்கள். ஜன்னல் திறந்தே இருந்தது. நான்காமவர் தன் நீல நிற சைக்கிளைப் பறித்துக்கொண்டார்கள் என்றார். ஐந்தாமவரின் நீல நிற சைக்கிளும் பறிபோயிருந்தது. ஒரு மாதம் கழித்து அவரைத் தனியாகப் பார்த்து சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு ஏது சைக்கிள்?" என்றார். ஐந்து வாக்குமூலமும் குப்பைக்குப் போயின. முதல் மூன்று உண்மை என்று இன்றும் நம்புகிறேன். என் நம்பிக்கையை வைத்து என்ன செய்வது?

ஆகவே, வழிகாட்டியை வழிகாட்டியாக மட்டும் வையுங்கள். ஒருவர் மூலம் வந்த சாட்சிகளைத் தனிப்பட்டியலில் எழுதுங்கள். நாளை அந்த ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் எத்தனை பேர் சாய்வார்கள் என்று தெரியவேண்டும். பள்ளிப் பதிவேட்டை நீங்களே போய்ப் பாருங்கள், போக முடியாவிட்டால் பார்க்கவில்லை என்று கோப்பில் எழுதுங்கள். நீங்கள் பார்க்காத பதிவேட்டை எதிர்த்தரப்பு பார்க்கும்.

'கடோகோ' என்றால் சிறுவன் என்று எழுதிவிடுவது

சுவாஹிலி மொழியில் சின்னவன் என்று பொருள். படையிலிருந்த பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தச் சொல் 14 வயதையும் 17 வயதையும் பிரித்துக் காட்டாது, சட்டத்துக்கோ அந்தக் கோடுதான் எல்லாம். யாழ்ப்பாணத்தில் 'பெடியள்' என்று இயக்கக்காரர்களைச் சொன்னவர்கள் பிறப்புச் சான்றிதழ் பார்த்தா சொன்னார்கள்? முப்பது வயதுக்காரரும் பெடியன்தான். சாட்சி சொன்ன சொல்லை அப்படியே எழுதி, வயதை வேறு வழியில் நிறுவுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகத் தெரியும் காகிதத்தை ஓரங்கட்டுவது

18 வயதுக்குக் குறைந்தவர்களைப் படையில் வைத்திருக்கக் கூடாது என்று லுபாங்கா தரப்பு போட்ட உத்தரவுகள் உண்டு. புதியவர்கள் கையில் கிடைத்தால் மூச்சுவிடாமல் பெட்டியின் அடியில் போட்டுவிடுவார்கள். அப்படி ஓர் உத்தரவின் தேதி 2003 ஜனவரி 27. அடுத்த 16-ஆம் நாள், பிப்ரவரி 12 அன்று, ருவம்பாரா பயிற்சி முகாமில் அவர் ராணுவ உடையில் நின்று பேசும் வீடியோ இருக்கிறது. எதிரே நிற்பவர்களில் 15 வயதுக்கு வெகுவாகக் குறைந்த பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். உத்தரவையும் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காப்பாற்றும் என்று நினைத்த காகிதம், பிள்ளைகள் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. பையன்களின் வாக்குமூலம் சாய்ந்த பிறகும் தண்டனை நிலைத்தது இத்தகைய வீடியோக்களாலும் மற்ற சாட்சிகளாலும்தான்.

ரகசியம் காப்பேன் என்று கண்டபடி வாக்குக் கொடுப்பது

இதே வழக்கு 2008 ஜூனிலும் நின்றது. பெரும்பாலும் ஐ.நா.விடமிருந்து, வெளியே காட்டமாட்டோம் என்ற உறுதியின் பேரில் வாங்கிய ஆவணங்கள் 200-க்கும் மேல். அவற்றில் எதிர்த்தரப்புக்கு உதவக்கூடியவை இருந்தன. நீதிபதிகளுக்கே காட்ட முடியவில்லை. பாதி வருடம் போயிற்று.

தலைவர் என்றாலே குற்றவாளி என்று நினைப்பது

காங்கோவின் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஜான்-பியர் பெம்பா. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கு அவர் அனுப்பிய படையினர் செய்த கொலைகளுக்கும் பாலியல் வன்முறைக்கும் 2016-இல் 18 ஆண்டு தண்டனை. 2018 ஜூன் 8 அன்று மேல்முறையீட்டில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் விடுதலை. படையினர் செய்த குற்றம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. தொலைவில் இருந்த தளபதி தன்னால் இயன்றதைச் செய்யத் தவறினாரா என்ற கேள்வியில்தான் வழக்கு உடைந்தது. அந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதல்ல. ஆனால் கிராமத்தில் நடந்ததைப் பற்றி நூறு பக்கமும் தலைவருக்கும் அதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதி வருகிறவர்களுக்கு இதைத்தான் படிக்கக் கொடுக்கிறேன்.

ஆள் இவர்தானா என்பதை மறப்பது

சூடானின் டார்ஃபூரில் ஜன்ஜவீத் என்ற அரசு ஆதரவு ஆயுதக் குழுவின் தளபதி அலி குஷாய்ப் வழக்கில் எதிர்த்தரப்பின் முக்கிய வாதமே 'அந்த ஆள் நான் இல்லை' என்பதுதான். 2025 அக்டோபரில் 27 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது, அடையாளத்தைத் தனியாக நிறுவிய பிறகுதான்.

பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது

முடியாது. லுபாங்காவின் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லை. விசாரணையின் நடுவில் சேர்க்க முயன்றார்கள், நடக்கவில்லை. அதே படையின் போஸ்கோ இன்டகண்டா மேல் அது சேர்க்கப்பட்டு, 2019-இல் தீர்ப்பும் வந்தது. லுபாங்கா 14 ஆண்டு முடித்து 2020 மார்ச்சில் வெளியே வந்துவிட்டார்.

சாட்சிக்குப் பணம்

பஸ் கட்டணம் உட்பட, தேதி போட்டு எழுதி வையுங்கள். டீயையும்.