ஆங்கிலச் சொல்லின் வயதைப் பார்க்காமல் பொருள் சொல்லாதீர்கள்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உள்ளே 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று ஒரு வரி வரும். லெட் என்றால் அனுமதிப்பது என்றுதானே படித்தோம்? அப்படியானால் 'அனுமதியோ தடையோ இல்லாமல் இவரைப் போக விடுங்கள்' என்று ஓர் அரசாங்கமே உளறுகிறதா? இல்லை. இந்த லெட்டுக்குத் தடை என்று பொருள். டென்னிஸில் சர்வ் பந்து வலையை உரசிக்கொண்டு போனால் 'லெட்' என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். ஹாம்லெட் நாடகத்தில் ஆவியின் பின்னால் போகவிடாமல் நண்பர்கள் பிடித்துக்கொள்ள, 'என்னை லெட் செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன்' என்று கத்துகிறான் இளவரசன். இன்றைய பொருளில் படித்தால், வழிவிட்டவனையே கொல்லப் போகிறான் என்றாகிவிடும்.

இதிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. 'தடுப்பது என்றிருந்த சொல் அனுமதிப்பது என்று தலைகீழாகிவிட்டது' என்று சொல்பவர்கள் உண்டு. தலைகீழாகவெல்லாம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் தடுப்பதற்கு லெட்டன், விடுவதற்கு லேட்டன் என இரண்டு தனிச் சொற்கள் இருந்தன. ஒலி தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. பொருள் மாறியது என்று சொல்வதற்கு முன், அது ஒரே சொல்தானா என்று பார்த்துவிடுங்கள்.

நிஜமாகவே மாறிய சொல் வேண்டுமென்றால் பிரிவென்ட். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களை 'பிரிவென்ட்' செய்யமாட்டார்கள் என்று ஓரிடத்தில் வருகிறது. தடுக்கமாட்டார்கள் என்று மொழிபெயர்த்தால் தப்பு. முந்திக்கொள்ளமாட்டார்கள் என்பதே சரி. இந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'முன்னால் வருதல்' என்று பொருள். முந்திப் போய் ஒருவர் எதிரில் நின்றால் அவர் வழி அடைபடும் அல்லவா? இன்றைய பொருள் பிறந்தது அப்படித்தான்.

சரி, வேரைத் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. 'டெசிமேட் என்றால் பத்தில் ஒருவரைக் கொல்வது, அது ரோமானியப் படையின் தண்டனை, பேரழிவுக்கு அதைச் சொல்லக் கூடாது' என்று திருத்த வந்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் டிசம்பரைப் பத்தாம் மாதமாக்க வேண்டும். அதிலும் லத்தீனில் பத்து என்கிற டெசெம்தான் உட்கார்ந்திருக்கிறது. நைஸ் என்ற சொல் 1300 வாக்கில் முட்டாளைக் குறித்தது. அதற்காக இன்று உங்களை நைஸ் என்று பாராட்டுபவர் திட்டுகிறார் என்றா கொள்வது? நம்மிடமும் நாற்றம் ஒரு காலத்தில் நறுமணம்தான். யாரிடமாவது போய் 'உங்கள்மேல் நல்ல நாற்றம்' என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் கதைகள். கப்பல் டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' (போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை) என்று முத்திரை குத்தினார்களாம், அதன் முதலெழுத்துகள்தான் பகட்டு என்று பொருள்படும் போஷ் ஆனதாம். நானும் இதைப் பல பேரிடம் அளந்திருக்கிறேன். அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. நியூஸ் நான்கு திசைகளின் முதலெழுத்து என்பதும் இதே ரகம்; அது வெறும் நியூவின் பன்மை.

அகராதியைப் புரட்டும்போதும் கவனம் வேண்டும். மெரியம்-வெப்ஸ்டரில் முதலாவதாக இருக்கும் பொருள், வழக்கில் அதிகமுள்ள பொருள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பழைய பொருள்தான் முதலில் நிற்கும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் காலவரிசைதான், ஆனால் ஒவ்வொரு பொருளின் கீழும் ஆண்டு போட்ட மேற்கோள்கள் இருக்கும். படிக்கிற நூல் எந்த ஆண்டில் வந்ததோ, அதற்குப் பக்கத்து ஆண்டு மேற்கோள் எந்தப் பொருளின் கீழ் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.