பழைய பிரிட்டிஷ் நோட்டு கிடைத்ததா? அவசரப்பட்டு இதையெல்லாம் செய்யாதீர்கள்

இங்கிலாந்தில் பழைய வீட்டை ஒழிக்கும்போது பைபிளுக்குள்ளிருந்தோ, மேசை இழுப்பறையில் விரித்த செய்தித்தாளுக்கு அடியிலிருந்தோ பத்து ஷில்லிங் (அரை பவுண்டு) நோட்டு ஒன்று வந்து விழுவது பெரிய அதிசயமில்லை. கிடைத்ததும் சிலர் செல்லாக்காசு என்று குப்பையில் போடுகிறார்கள், சிலர் லாட்டரி அடித்த மாதிரி குதிக்கிறார்கள். இரண்டும் தப்பு.

செல்லாது என்பது கடைக்கு மட்டும்தான் பொருந்தும். பத்து ஷில்லிங் நோட்டு 1970 நவம்பரிலும் ஒரு பவுண்டு நோட்டு 1988 மார்ச்சிலும் புழக்கத்திலிருந்து போய்விட்டன, சரி. ஆனால் பாங்க் ஆஃப் இங்கிலாந்து தான் வெளியிட்ட நோட்டு எவ்வளவு பழையதானாலும் அதற்குரிய முகமதிப்பைக் கொடுத்துவிடும், கெடு எதுவும் கிடையாது. லண்டன் த்ரெட்நீடில் தெருவில் இருக்கும் அதன் கவுன்டரில் நேரில் மாற்றலாம், தபாலிலும் அனுப்பலாம்.

இதைக் கேட்டதும் நேராக அங்கே ஓடுவது அடுத்த தவறு. பத்து ஷில்லிங்குக்கு 50 பென்ஸ் தருவார்கள், அவ்வளவுதான். 1957 வரை அச்சான வெள்ளை ஐந்து பவுண்டு நோட்டைக் கொண்டுபோனால் ஐந்து பவுண்டு கிடைக்கும், ஆனால் அதையே சேகரிப்பவர்கள் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். முகமதிப்பு என்பது அதற்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம், அதுவே விலை இல்லை. விலையைத் தீர்மானிப்பது தலைமைக் காசாளர் கையெழுத்து, வரிசை எண்ணின் முதல் எழுத்துகள், எல்லாவற்றுக்கும் மேலாக நோட்டின் நிலை. 1966 முதல் 1970 வரை காசாளராக இருந்த ஃபோர்ட் கையெழுத்துப் போட்ட கசங்கிய பத்து ஷில்லிங் நோட்டுகள் எக்கச்சக்கமாக இருக்கின்றன, அவற்றை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஈபேயில் யாரோ ஆயிரம் பவுண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், அது அவர் கேட்கும் விலை. விற்று முடிந்தவை எவ்வளவுக்குப் போயிருக்கின்றன என்று பாருங்கள்.

நிலை என்றதும் நினைவுக்கு வருகிறது, தயவுசெய்து துடைக்காதீர்கள். இஸ்திரி போடுவது, அழுக்கை ரப்பரால் தேய்ப்பது, கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்யும் நாசம். வெள்ளை ஐந்து பவுண்டு நோட்டில் ஒரு பக்கம்தான் அச்சு. வெறுமையான பின்பக்கத்தில் யாருடைய பெயராவது மையில் கிறுக்கியிருக்கும். அன்றைக்கு அது சாதாரண ஆளின் வாரச் சம்பளத்தில் பெரும்பகுதி என்பதால், நோட்டைக் கொடுத்தவரிடம் கடைக்காரர் பெயரெழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அந்தக் கிறுக்கலும் நோட்டின் வரலாறுதான், அதை அழிக்காதீர்கள்.

நிறத்தைப் பார்த்துக் கள்ளநோட்டு என்று முடிவுகட்டுவதும் உண்டு. பச்சையாக இருக்க வேண்டிய பவுண்டு நோட்டு நீலமாக இருந்தால் சந்தேகப்படாதீர்கள், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் கள்ளநோட்டு அடிப்பார்கள் என்ற பயத்தில் 1940-இல் நிறத்தை மாற்றி உள்ளே உலோக இழையும் வைத்தார்கள். சந்தேகப்பட வேண்டியது வெள்ளை நோட்டைத்தான். ஜெர்மனியின் சாக்சென்ஹௌசன் வதைமுகாமில் கைதிகளை வைத்து நாஜிகள் அடித்தது அதைத்தான், ஐந்து, பத்து, இருபது, ஐம்பது பவுண்டு நோட்டுகளாக, அசலோடு வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு. வெள்ளை நோட்டு கையில் இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து நோட்டுகளை அங்குள்ள வணிக வங்கிகள் வெளியிடுகின்றன. அவற்றை த்ரெட்நீடில் தெருவுக்கு அனுப்பிப் பயனில்லை, வெளியிட்ட வங்கியைத்தான் கேட்க வேண்டும்.

பவுண்டுக்கு 100 பென்ஸ் என்று மாறுவதற்கு முந்தைய பழைய கணக்கை நினைவுகூர்வதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக மொத்தம் 240 பென்ஸ். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று கணக்குப் போட்ட தலைமுறைக்கு இது தண்ணி பட்ட பாடாக இருந்திருக்கும். பழைய விலைச்சீட்டில் 12/6 என்று இருந்தால் அது பின்னமல்ல, 12 ஷில்லிங் 6 பென்ஸ், இன்றைய கணக்கில் அறுபத்திரண்டரை பென்ஸ். 19/11 என்றால் பவுண்டுக்கு ஒரு பென்னி குறைவு, பாட்டா செருப்பு விலையில் பார்க்கும் அதே தந்திரம். பழைய பென்னியையும் புதிய பென்னியையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள், புதியது ஒன்றுக்குப் பழையது 2.4. 21 ஷில்லிங்கான கினியில் வக்கீல் கட்டணமும் பந்தயக் குதிரை விலையும் சொல்வார்களே தவிர, 20-ஆம் நூற்றாண்டில் கினி என்று ஒரு நோட்டும் புழங்கவில்லை, காசும் புழங்கவில்லை.

புதிய கணக்குக்கு மாறிய 1971 பிப்ரவரி 15 அன்று பழைய காசெல்லாம் ஒரே நாளில் மறைந்ததாகவும் சிலர் சொல்வார்கள். அரை கிரவுன் (இரண்டரை ஷில்லிங் காசு) அதற்கு முன்பே, 1969 கடைசியில் போய்விட்டது. ஆறு பென்ஸ் காசு இரண்டரை புதிய பென்ஸாக 1980 வரை ஓடியது, ஷில்லிங் ஐந்து பென்ஸாக 1990 வரை, இரண்டு ஷில்லிங் காசு பத்து பென்ஸாக 1993 வரை.

நோட்டோடு காசுகளும் கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள். 1920-க்கு முந்தைய வெள்ளிக் காசில் 92.5 சதவீதம் வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி, 1947-இலிருந்து புழக்கக் காசுகளில் துளிகூடக் கிடையாது. 1965-இல் வந்த சர்ச்சில் தலை போட்ட பெரிய கிரவுன் (ஐந்து ஷில்லிங்) காசைத்தான் எல்லோரும் பொக்கிஷமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அதில் கிட்டத்தட்ட இரண்டு கோடி அடித்துவிட்டார்கள். பேரப்பிள்ளை விளையாடக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.