கடிக்கு ரியூப் வாங்க வருகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. கடையில் நிற்கும் ஆம்பிளைகள் போய் முடியும்வரை சில பெண்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். பிறகு கலண்டர் தாளில் சுற்றிய ஒரு ரியூப்பை மெல்ல எடுத்து வைத்து, "தங்கச்சி, இதே மாதிரி ஒண்டு தாங்கோ" என்பார்கள். கழுத்துவரை சுருட்டிப் பிழிந்த ரியூப், எழுத்து பாதி அழிந்திருக்கும். எதற்கென்று கேட்டால் குனிந்தபடி, "கடிக்குத்தான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பெண்ணுறுப்பில் வரும் அரிப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

அந்த மங்கிய எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தால் பல தடவை இரண்டு மூன்று மருந்துப் பெயர்கள் இருக்கும். குளோட்ரிமசோல் பங்கசுக்கான (பூஞ்சைக்கான) மருந்து, அது சரி. கூடவே பீற்றாமெதசோன் அல்லது குளோபெற்றசோல் என்றிருந்தால் அது ஸ்ரெரொயிட், வீக்கத்தை அடக்கும் மருந்து, பங்கசைக் கொல்லாது. நான் பார்க்கும் பிழைகளில் மோசமானது இந்தக் கலவையைத் தானாக வாங்கிப் பூசுவதுதான். பூசிய அன்றிரவே கடி அடங்கிவிடும், அதனால் நல்ல மருந்து என்று நம்பிவிடுகிறார்கள். அடங்குவது சிவப்பும் வீக்கமும். பங்கசு உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும், ரியூப் முடிந்ததும் முன்னையதைவிட மோசமாக வரும். அந்த இடத்துத் தோல் மெல்லியது, மடிப்புக்குள் இருப்பதால் மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும். வாரக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலிந்து, வரிவரியாய் வெடித்து, தண்ணீர் பட்டாலே எரியும். வீக்கம் கடுமையாக இருந்தால் டொக்டர் பார்த்துவிட்டுச் சில நாளுக்கு இதை எழுதிக் கொடுப்பதுண்டு. அது வேறு. நீங்களாக வாங்குவதென்றால் குளோட்ரிமசோல் 1% அல்லது மைக்கொனசோல் 2% மட்டும் உள்ளதா என்று வாசித்து வாங்குங்கள்.

அதற்கும் முதல், வந்திருப்பது பங்கசுதானா? இந்த இடத்தில் வழமையாக வரும் கன்டிடா என்ற பங்கசு என்றால் பெரும்பாலும் தயிர்க்கட்டி போல வெள்ளை படும், கடியும் எரிவும் இருக்கும், பெரிதாக மணக்காது. மீன் வெடுக்கு அடித்தாலோ, மஞ்சள் பச்சையாய் நுரைத்து வந்தாலோ காரணம் வேறு, இந்தக் கிறீமால் பயனில்லை. முதல் தடவை வருகிறதென்றால், அல்லது அடிவயிற்று வலி, காய்ச்சல், புண் இருந்தால் டொக்டரிடம் போங்கள். யாழ். போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்களுக்கான கிளினிக்கும் இருக்கிறது. இலவசம், விசயம் வெளியே போகாது.

பெண்ணுறுப்புக்குள் வைக்கும் குளோட்ரிமசோல் குளிசையை வாயில் போட்டு விழுங்கிவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்தவர் விளக்கியிருக்க வேண்டும். 500 மில்லிகிராம் என்றால் ஒரே இரவு, 200 என்றால் மூன்று இரவு, 100 என்றால் ஆறு இரவு. படுக்கப் போகும்போது மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இயன்ற அளவு உள்ளே வையுங்கள். காலையில் வெள்ளையாகக் கசிந்தால் பயப்படத் தேவையில்லை, ஒரு பாட் வைத்தால் போதும். மாதவிடாய் முடியட்டும், அதன்பின் தொடங்குங்கள். இரண்டாம் நாளே சுகம் என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

கர்ப்பிணிகள் கேளாமல் எதையும் தொடக்கூடாது. அவர்களுக்கு வழமையாக 7 நாள் உள்ளே வைக்கும் மருந்தைத்தான் டொக்டர் எழுதுவார், மருந்தோடு வரும் அப்ளிகேற்றர் குழாயை உள்ளே தள்ளுவதைவிட விரலால் வைப்பது நல்லது. பங்கசுக்கு வாயால் எடுக்கும் ஃபுளுகொனசோல் குளிசையைக் கர்ப்பிணிகள் தானாக விழுங்கவே கூடாது. இரத்தம் உறையாமல் வாபரின் எடுப்பவர்கள் மைக்கொனசோல் வாங்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டும். வெளியே பூசும், உள்ளே வைக்கும் மருந்துதானே என்று விட்டால் இரத்தக்கசிவு வரலாம். பூசும், உள்ளே வைக்கும் இந்தப் பங்கசு மருந்துகள் ஆணுறையையும் பழுதாக்கும், ஆகவே வைத்தியம் முடியும்வரை சேராமல் இருப்பது நல்லது.

சவுக்காரம் போட்டு உள்ளே கழுவுவது, கிருமிநாசினி ஊற்றுவது, வேப்பிலை அவித்த தண்ணீர், தயிர், எலுமிச்சம் புளி, எல்லாம் எரிவைக் கூட்டும். வெளியே வெறும் தண்ணீரால் கழுவி, துவாயால் ஒற்றி, காய்ந்த பருத்தி உடுப்புப் போட்டாலே போதும். கிணற்றடியில் குளித்த ஈரப் பாவாடையோடு நின்று சமைக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

ஆண்களுக்கும் இது வரும். ஒரு ஐயா மூன்று மாதத்தில் மூன்றாவது ரியூப் கேட்டார். சீனி கூடியிருந்தாலும் இது திரும்பத் திரும்ப வரும் என்பதால், "சீனி பார்த்தனீங்களோ ஐயா?" என்று கேட்டேன். இல்லையாம். விரலில் குத்திப் பார்த்தபோது 300ஐத் தாண்டியிருந்தது. அன்றைக்கு நான் ரியூப் கொடுக்கவில்லை, சலரோக (நீரிழிவு) கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். ஏற்கனவே சலரோகத்துக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் சிறுநீரில் சீனி போவதால் இப்படித் திரும்பத் திரும்ப வரலாம். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டொக்டரிடம் கடி வருவதைச் சொல்லுங்கள்.