ஊர்க் கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கும் முறை

கல்வெட்டின் மேல் ஈரத் தாளை ஒட்டி, அடித்து, மை ஒற்றி எடுக்கும் படிதான் மைப்படி. கைப்பேசியிலேயே நல்ல படம் கிடைக்கும்போது அது எதற்கு என்று கேட்பார்கள். தேய்ந்த கல்லில் கண்ணுக்குத் தட்டுப்படாத கீற்றைக்கூட ஈரத் தாள் பிடித்துக்கொள்ளும். எழுத்தும் கல்லில் உள்ள அதே அளவில் கைக்கு வரும். ஆனால் எழுத்து தாளில் இறங்குவது தாளை அடிக்கும்போதுதான். மை அதைக் காட்டிக்கொடுக்க மட்டுமே செய்யும். சரியாக அடிக்காத தாளை எவ்வளவு மை போட்டாலும் மீட்க முடியாது.

முதலில் அனுமதி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் துறையிடமும், அறநிலையத்துறைக் கோயிலென்றால் செயல் அலுவலரிடமும், வயலில் நிற்கும் கல்லென்றால் பட்டாதாரரிடமும் கேட்க வேண்டும். வழிபாட்டில் உள்ள நடுகல்லில் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் ஒப்பாமல் கை வைக்கக் கூடாது. கல்லை விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை வந்தாலோ, மேல்தோல் செதில் செதிலாக எழும்பியிருந்தாலோ மைப்படி வேண்டாம். தாளோடு எழுத்தும் உரிந்து வந்துவிடும். அந்தக் கல்லுக்குப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. நீரை உறிஞ்சும், நனைந்தாலும் கிழியாத கனத்த தாள். மேப்லித்தோ என்னும் அச்சுத் தாளையும் பலர் பயன்படுத்துகிறார்கள். செய்தித்தாள் இரண்டாவது அடியிலேயே கிழிந்துவிடும். அடிப்பதற்கு மயிர் நெருங்கிய, கைப்பிடியுள்ள பிரஷ். கழுவுவதற்குத் தேங்காய் நார். மைக்கு, விளக்குக் கரியைப் பிசின் நீரில் குழைத்த மசி. மசியை ஒற்ற, பஞ்சைத் துணியில் இறுக்கிக் கட்டிய எலுமிச்சை அளவு உருண்டை. அதோடு தட்டையான ஒரு தட்டு, வாளி, அளவுநாடா, பென்சில்.

ஈரப்படுத்துமுன் படமும் அளவும் எடுத்துவிடுங்கள். கல்லின் உயரம், அகலம், வரிகளின் எண்ணிக்கை, எந்தத் திசை நோக்கி நிற்கிறது என்பதெல்லாம் அங்கேயே குறிக்க வேண்டியவை. பிறகு கழுவுதல். சுண்ணாம்பு அடைத்திருந்தால் ஈரத்துணியைப் போர்த்தி நன்றாக ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் எழுத்தின் பள்ளத்திலிருந்து மெதுவாகத் தள்ளி எடுக்கலாம். கம்பி பிரஷ் கல்லில் போடும் கீறல் படியில் எழுத்துக் கோடாகவே தெரியும். படிப்பவர், கல்லில் இல்லாத எழுத்தைப் படித்துவிடுவார். அமிலம் பக்கமே போகக் கூடாது. எழுத்தில் மாவு தடவும் பழக்கத்தையும் விட வேண்டும். பள்ளத்தில் தங்கும் மாவில் பூஞ்சை வளரும். சாக்கட்டியால் எழுத்தை நிரப்பினால், நிரப்பியவர் படித்ததுதான் கல்லில் தெரியும், வெட்டியவர் வெட்டியது தெரியாது. எண்ணெய் படிந்த கல்லில் தாள் ஒட்டாது.

நேரம் காலைதான். வெயிலில் சூடேறிய கல்லில் தாள் சில நிமிடங்களில் காய்ந்து எழும்பிவிடும். காற்றடிக்கும் நாளில் சுவரில் ஒட்டுவது வீண் உழைப்பு.

கல்லை நன்றாக நனையுங்கள். தாளையும் நீரில் முக்கி எடுத்து, இருவர் பிடித்து, மேல் விளிம்பிலிருந்து கீழே படியவிடுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி அடித்தால் காற்றுக்குமிழிகள் வெளியேறும். பிரஷ் நேராக விழ வேண்டும். இழுத்துத் தேய்த்தால் தாள் திரிந்து கிழியும். ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் தாள் அடிவரை இறங்கியதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஆழமான எழுத்தில் தாள் பிளக்கும். அங்கே நனைத்த துண்டு ஒன்றை மேலே வைத்து அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நடுகல்லில் வீரன் உருவம் புடைத்து நிற்கும்; அதன் மேல் தாளைப் போர்த்தினால் சுற்றியுள்ள எழுத்தெல்லாம் சுருக்கத்தில் மாட்டிக்கொள்ளும். உருவத்தின் வடிவுக்குத் தாளை வெட்டிவிட்டு, எழுத்துப் பகுதியில் மட்டும் ஒட்டுங்கள்.

இனி பொறுமை. பெரும்பாலான படிகள் கெடுவது இந்த இடத்தில்தான். தாளின் மினுமினுப்பு போய், புறங்கைக்குக் குளிர்ச்சி மட்டும் தெரியும்போது மை போடலாம். நீர் பளபளக்கும்போதே போட்டால் மசி ஊறிப் பள்ளத்துக்குள் ஓடும், எழுத்து கறுத்துவிடும். முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லைவிட்டு விலகி எழுத்து இரட்டையாக விழும். மசியைத் தட்டில் மெல்லப் பரப்பி, உருண்டையை அதில் ஒற்றி, முதலில் ஒரு கழிவுத்தாளில் தட்டிப் பாருங்கள். சொட்டோ திட்டோ இருக்கக் கூடாது. முதல் சுற்று சாம்பல் நிறத்தில் வந்தால் போதும், கறுப்பு இரண்டாம் சுற்றில் வரட்டும். ஒற்றுவது மட்டுமே, தேய்ப்பது கிடையாது. தளம் கறுத்து எழுத்து வெள்ளையாக நின்றால் வேலை சரி.

தாள் முக்கால்வாசி காய்ந்ததும் மேல் மூலையிலிருந்து மெல்ல உரியுங்கள். நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் தாள் முறுக்கிக்கொண்டு பள்ளங்கள் தட்டையாகும். கல்லில் தெறித்த மசியை அப்போதே கழுவிவிடுங்கள்.

கோயில் அதிட்டானத்தில், அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளத்தில், வேலை வேறு. அதன் கீழ் வரிசையான ஜகதியும் மேல் வரிசையான பட்டிகையும் சமதளம். இடையில் உருண்டு புடைத்திருக்கும் உருள் குமுதத்தில் அகலத் தாள் சுருங்கும், குறுகிய பட்டைகளாக வெட்ட வேண்டும். ஒரு தாளுக்கும் அடுத்ததற்கும் நான்கைந்து எழுத்துகளாவது பொதுவாக இருக்கட்டும். வரி மூலை திரும்பி அடுத்த பக்கத்திலும் தொடரும். பின்னால் எழுந்த மண்டபச் சுவருக்குள் போய் மறைந்தும்விடும். மறைந்த இடத்தைக் குறிக்க வேண்டும். திருப்பணியின்போது கற்கள் வரிசை மாறி அடுக்கப்பட்டிருந்தால் இன்று இருக்கும் வரிசையிலேயே படி எடுங்கள், ஒழுங்குபடுத்துவதைப் பிறகு வீட்டில் செய்துகொள்ளலாம்.

தாளின் பின்புறத்தில் ஊர், வட்டம், கோயிலோ நிலமோ, எந்தச் சுவர், எத்தனையாவது தாள், தேதி ஆகியவற்றை அங்கிருந்து கிளம்புமுன்பே பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும். நான்கு தாள்களைச் சுருட்டிக்கொண்டு வீடு வந்தபின் எது வடசுவர் என்று யாராலும் சொல்ல முடியாது.

படிக்கும்போது வழக்கமாகத் தடுக்கிவிடும் இடங்கள் சில. புள்ளி பெரும்பாலும் இருக்காது. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு தெரியாது. ரகரமும் கால் குறியும் ஒன்றுபோல நிற்கும். தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான ‘ஸ்வஸ்திஸ்ரீ’, வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும். ‘யாண்டு’ என்ற சொல்லுக்குப் பின் வரும் ‘க’ எழுத்தாக இல்லாமல் ஒன்று என்ற எண்ணாக இருக்கலாம். அது ஆட்சியாண்டு. சோழ மன்னன் முதலாம் ராஜராஜன் 985இல் ஆட்சிக்கு வந்தான். அவனது பத்தாம் யாண்டு என்றால் 994–995. ஆனால் ‘ராஜகேசரி’, ‘பரகேசரி’ என்பவை சோழர் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். முதலாம் பராந்தகனும் பரகேசரி, முதலாம் ராஜேந்திரனும் பரகேசரி. மன்னனின் புகழ் பாடும் முன்னுரையான மெய்க்கீர்த்தியோ ‘மதுரை கொண்ட’ போன்ற அடைமொழியோ இல்லாவிட்டால் எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தை, வைத்து நூற்றாண்டை மட்டும் குறித்து, மன்னன் பெயருக்கு இடம் விட்டுவையுங்கள்.

புதிய கண்டுபிடிப்பு என்று அறிவிக்குமுன் இந்தியத் தொல்லியல் துறை 1887 முதல் தொகுத்துவரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் அந்த ஊர்ப் பெயரைத் தேடுங்கள். பழைய வட்டத்தின் பெயரில், வேறு எழுத்துக்கூட்டலில் அது ஏற்கெனவே பதிவாகியிருக்கலாம்.